நொய்யலின் உப்பும் செல்லின் சவ்வும்

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் ஓர் அணை எழுந்தது. ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டியது. சில வருடங்களிலேயே, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்து இறங்கும் ஆறு, திருப்பூரைக் கடக்கும்போது சாயப்பட்டறைகளின் கழிவைச் சுமந்து வந்து அணையில் தேங்கியது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதன் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். தோட்டத்துக்காரர்களை நொடித்துப்போக வைத்தது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்பு. கிணறும் போரும் உப்பேறின. வேரடியில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடியது. இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன.

ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாட வேண்டும்? இதற்கான பதில் வேரின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் கிடைக்கிறது. அதன் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கிவிடலாம். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தோடு முடிந்துபோகும் பாடம் இது. கொங்கு நாட்டில் ஓர் ஆற்றின் கதையையும் ஒரு தொழிலின் கதையையும் புரிந்துகொள்ள அந்தப் பாடத்தை முழுசாகப் படித்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில், சாயத்துக்கு உப்பு எதற்கு? பருத்தி நூலைத் தண்ணீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின்தன்மை கொள்கிறது. ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ நிறையக் கொட்டினால், சோடியம் அயனிகள் நடுவே புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்கும்; சாயம் நூலை நெருங்கிப் பற்றிக்கொள்ளும். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுவதுண்டு. கடல்நீரிலேயே 35 கிராம்தான். வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி நூலில் தங்கிவிடும். உப்போ ஏறக்குறைய முழுவதும் அலசல் தண்ணீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தை எடுக்கலாம். கரைந்த உப்பை எடுக்க முடியாது. திருப்பூரில் ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றது இங்கேதான்.

இனி சவ்வுக்கு வருவோம். அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே நேரில் பார்க்காமல் கண்டுபிடித்தார்கள். 1890களில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைத் தாவரச் செல்களில் சோதித்து, எண்ணெயில் கரைவது எதுவோ அது செல்லுக்குள் வேகமாக நுழைகிறது என்று கண்டார். ஆகவே செல்லின் விளிம்பு கொழுப்பாலானது என்றார். 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. அப்படியென்றால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். அவர்கள் கொழுப்பை முழுவதுமாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான விடையைத் தந்துவிட்டன. அறிவியல் வரலாற்றில் இப்படியும் நடக்கிறது.

அந்த இரண்டு அடுக்கு எப்படி நிற்கிறது? பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை தண்ணீரோடு சேரும், வால்கள் சேராது. தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே ஒளிந்து, தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்க்க, அடுக்கு தானாகவே அமைந்துவிடும். யாரும் கட்ட வேண்டியதில்லை. கிழித்தாலும் தானே மூடிக்கொள்ளும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு நானோமீட்டர் எண்ணெய்ப்பசையை ஆக்சிஜன் எளிதாகக் கடக்கும். மின்னூட்டம் பெற்ற சோடியம் அயனியால் கடக்கவே முடியாது என்று சொல்லிவிடலாம்.

இந்த அடுக்கு கெட்டியானதல்ல. 1970இல் ஃப்ரையும் எடிடினும் மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிரும் நிறம் கொடுத்தார்கள். 40 நிமிடத்தில் இரண்டு நிறமும் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் இதையெல்லாம் சேர்த்து, நகரும் கொழுப்புப் பரப்பில் புரதங்கள் மிதந்து திரிகின்றன என்ற பாய்ம மொசைக் மாதிரியை முன்வைத்தார்கள். இன்றுவரை பாடமாக இருப்பது அதுதான். அதற்குப் பின் திருத்தங்கள் வந்திருக்கின்றன. சவ்வில் புரதங்கள் அவர்கள் நினைத்ததைவிட நெருக்கமாக இருக்கின்றன. செல்லின் உள்சட்டகம் பல இடங்களில் அவற்றின் நகர்வைத் தடுக்கிறது. கொலஸ்ட்ரால் செறிந்த சிறு திட்டுகள் சவ்வில் மிதக்கின்றன என்று 1997இல் சைமன்சும் இக்கோனனும் சொன்னது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உயிருள்ள செல்லில் அவை எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் நிலைக்கின்றன என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

சவ்வு இளகிய நிலையில் இருக்க வேண்டும் என்பதன் பொருளைக் கோவை வீடுகளில் எளிதாகக் காணலாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும், கடலை எண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அவற்றின் நேரான வால்கள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நிறைவுறாத கொழுப்பின் வாலில் வளைவு இருப்பதால் அந்த நெருக்கம் வராது. சவ்விலும் இதே வேதியியல்தான். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள்: உள்ளே சதை நன்றாக இருக்கும்போதே தோல் கறுத்துவிடும். வாழை வெப்பநாட்டுச் செடி. சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதன் சவ்வுகள் விறைத்துக் கசியத் தொடங்குகின்றன. தோல் செல்லில் பீனால் பொருள்கள் ஓர் அறையிலும் அவற்றைக் கறுக்கவைக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கும். இடையிலுள்ள சவ்வு கசிந்ததும் இரண்டும் கலந்து கறுப்பு நிறமி உண்டாகிறது. செல்லின் வெளிச்சவ்வைப் பற்றியே பேசிப் பழகிய நாம், உள்ளே இத்தனை அறைகளையும் சவ்வுதான் பிரிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கம் விளையும் வாழையைக் குளிர்பதனத்தில் தூரதேசம் அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் 13 டிகிரியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

கொழுப்பு அடுக்கு தடுக்கிறது. எது எப்போது போகலாம் என்று தீர்மானிப்பவை அதில் பதிந்திருக்கும் புரதங்கள். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு வழியாகவும் தண்ணீர் கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது பாயும் வேகத்துக்கு அது போதாது. 1992இல் பீட்டர் அக்ரே அதற்கான புரதத்தை உறுதிசெய்தார். அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒரே வரிசையாக அதன் வழியே போகின்றன. உப்பு போகாது. தண்ணீரைவிடச் சிறிய புரோட்டானும் போகாது. வேரிலும் இவை உண்டு.

பொட்டாசியத்தின் கதை இன்னும் நுட்பமானது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. அப்படியிருக்க, பொட்டாசியம் போகும் கால்வாயில் சோடியம் ஏன் போவதில்லை? 1998இல் ராடரிக் மக்கினன் அந்தக் கால்வாயின் அணு அமைப்பைப் படமெடுத்துக் காட்டினார். தண்ணீரில் ஒவ்வொரு அயனியும் நீர் மூலக்கூறுகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்குச் சரியான இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே அது நஷ்டமில்லாமல் நீரைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறது. சிறிய சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டுவதில்லை. நீரைக் கழற்றினால் அதற்கு ஈடு கிடைக்காது, வெளியிலேயே நின்றுவிடுகிறது. பத்தாயிரம் பொட்டாசியம் போகும் இடத்தில் ஒரு சோடியம் தப்பிப்போகலாம், அவ்வளவுதான். அக்ரேயும் மக்கினனும் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கால்வாய்கள் சரிவில்தான் கொண்டுபோகும், அதாவது செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு. மேட்டில் ஏற்ற ஆற்றல் வேண்டும். 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்பில் சோடியம்-பொட்டாசியம் பம்பைக் கண்டார். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்குப் போகிறது. நரம்புச் செல்லின் சவ்வில் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்பது இதனால்தான். கேட்கச் சிறிதாக இருக்கிறது. சவ்வின் தடிமனால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் ஆகிறது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். இந்தச் சோடியம் சரிவின் மேல் கட்டிய மருந்து. குடலின் சவ்வில் ஒரு புரதம் இரண்டு சோடியத்தோடு சேர்த்தே ஒரு குளுக்கோஸை உள்ளே எடுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவில் மற்ற வழிகள் கெட்டாலும் இந்த வழி கெடுவதில்லை. 1971இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெருமளவில் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை சேர்க்காமல் உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

செடிகளிடம் சோடியம்-பொட்டாசியம் பம்பு இல்லை. நொய்யல் கரைப் பயிர்களின் துன்பம் இங்கே தொடங்குகிறது. செடி புரோட்டானை வெளியே தள்ளி மின்னழுத்தம் உண்டாக்குகிறது. அதன் சவ்வில் உள்பக்கம் எதிர்மின்தன்மை, 120 மில்லிவோல்ட்டுக்கும் மேல். மண்ணில் உப்பு ஏறியதும் இரண்டு அடி விழுகிறது. முதலாவது, வேருக்கு வெளியே கரைசல் செறிவாகிவிடுவதால் தண்ணீர் உள்ளே வர மறுக்கிறது. ஈரத்தில் நின்று வாடுவது இதனால்தான். இரண்டாவது அடி மெதுவாக வரும், ஆனால் கொடியது. உள்ளே எதிர்மின்தன்மை இருப்பதால் நேர்மின்னூட்டமுள்ள சோடியம், அயனிகளைக் கறாராகத் தேர்ந்தெடுக்காத சில கால்வாய்கள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அது நுழைந்ததும் மின்னழுத்தம் தளர்கிறது. தளர்ந்ததும் செல்லிலிருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. செல்லின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகளுக்குப் பொட்டாசியம் வேண்டும். புரத உற்பத்திக்கும் வேண்டும். அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் வேலை நடக்காது. காசு கொடுத்துப் பொட்டாஷ் வாங்கிப் போட்டவர்களின் வயலில், செடி உள்ளேயிருந்த பொட்டாசியத்தையும் இழந்துகொண்டிருந்தது.

செடி சும்மா இருப்பதில்லை. எஸ்.ஓ.எஸ்.1 என்ற புரதம் ஒரு புரோட்டானை உள்ளே விட்டு ஒரு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. என்.ஹெச்.எக்ஸ். என்ற இன்னொன்று மிஞ்சிய சோடியத்தைச் செல்லின் உட்பையில் அடைத்துவைக்கிறது. ஹெச்.கே.டி. வகைப் புரதம் மேலேறும் சாற்றுக்குழாயிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து, இலைக்குப் போகாமல் காக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் செலவு. வெளியே தள்ளிய சோடியம் மறுபடி உள்ளே கசிந்துகொண்டே இருந்தால் செலவுக்கு முடிவே இல்லை. இந்தச் சுழற்சியின் அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே தகராறு உண்டு. விளைச்சல் குறைவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

பயிர்களில் இந்தப் புரதங்களின் தரம் ஒரேமாதிரி இருப்பதில்லை என்பதுதான் நம்பிக்கை தருவது. பக்கத்துக் கேரளத்தின் பொக்காளி நெல் உவர்நீரைத் தாங்கும். அந்தத் தாங்குதிறனில் ஒரு பங்கு முதல் குரோமோசோமின் ஒரு பகுதியில் இருக்கிறது, ஹெச்.கே.டி. மரபணு அங்கேதான் உள்ளது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பழைய கோதுமை உறவினத்தின் ஹெச்.கே.டி. மரபணுவை டியூரம் கோதுமைக்குக் கலப்பின வழியில் கொண்டுவந்து, உப்பு மண்ணில் 25 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் எடுத்துக் காட்டினார்கள். இந்த வழி கோவைக்குப் புதிதல்ல. 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், உள்ளூர் வெள்ளைக் கரும்பையும் கோவைப் பகுதியின் காட்டுக் கரும்பையும் சேர்த்து உண்டாக்கிய கோ 205, 1918இல் வெளியானது. காட்டு இனத்தின் உரம் என்று அன்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதில், சவ்வுப் புரதங்களின் பங்கு எவ்வளவு என்று இன்று குறிப்பிட்டுக் கேட்க முடியும். நம் கரும்பு, மஞ்சள், தென்னை ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கொங்கு நாட்டின் இன்னொரு பெரிய பயிரிலும் சவ்வுதான் நடுவில் நிற்கிறது. 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் நஞ்சு, காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்பாட்டுக்கு வந்து, குடல் செல்லின் சவ்விலிருக்கும் கேடரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு சில மூலக்கூறுகள் சேர்ந்து சவ்வில் துளை போடுகின்றன. அயனிகளும் தண்ணீரும் பாய்ந்து செல் வீங்கி வெடிக்கிறது. நம் குடலில் அந்த ஏற்பிப் புரதம் இல்லாததால் நமக்கு அது நடப்பதில்லை. சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றது. இந்திய வயல்களில் பிடித்த புழுக்களைச் சோதித்தபோது கேடரின் மரபணு சிதைந்திருந்தது தெரியவந்தது. நஞ்சு பற்றிக்கொள்ளும் இடத்தையே புழு மாற்றிவிட்டது. ஓரிரு நஞ்சுப் புரதங்களை நம்பி ஒரு நாட்டின் பருத்தியில் பெரும்பகுதியை நிறுத்தியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

நீலகிரியையும் சொல்லாமல் விட முடியாது. 1952இல் லேமனும் கட்புஷும் இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் பண்பை அங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டார்கள். கோளாறு ஹீமோகுளோபினில் இருந்தாலும் சேதம் சவ்வில் பெருகுகிறது. வளைந்த சிவப்பணுவின் சவ்வில் ஒரு கால்வாய் திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கூடவே தண்ணீரும். செல் வற்ற வற்ற ஹீமோகுளோபின் மேலும் இறுகுகிறது. இந்த நோய் உள்ளவர்கள் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

திருப்பூருக்குத் திரும்புவோம். ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், கழிவே ஆற்றில் விழக்கூடாது என்று உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரி இறுதியில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மறுபடி திறந்தவர்கள் நம்பியதும் ஒரு சவ்வைத்தான்: ஆர்.ஓ. என்னும் எதிர்ச்சவ்வூடு பரவல். 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்த சவ்வு இதைத் தொழிலாக்கியது. இன்று அந்த இடத்தில் பாலிஅமைடு படலம். அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும். நின்ற உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். மீண்டும் சாயத்தொட்டிக்குப் பயன்படும் உப்பு கொஞ்சம் கிடைக்கிறது. பயனற்ற கலப்பு உப்பு நிலையங்களின் வளாகத்தில் மூட்டைமூட்டையாகச் சேர்கிறது.

இங்கே ஓர் இயற்பியல் விதியைத் தவிர்க்கவே முடியாது. உப்பையும் நீரையும் பிரிக்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க எவ்வளவு சிறந்த சவ்வானாலும் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். நல்ல ஆலைகள் மூன்று யூனிட் வரை செலவழிக்கின்றன. அந்த விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். பட்டறை மின்கட்டணமாகக் கொடுக்காத ஆண்டுகளில், நொய்யல் கரை வேர்கள் ஏ.டி.பி.யாகக் கொடுத்தன. அந்தச் செலவு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த விவசாயியின் நோட்டில் விளைச்சல் குறைவாகப் பதிவானது. பின்னலாடை மலிவாக விற்றது என்று பெருமைப்பட்ட எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. ஆர்.ஓ. செலவு தொழிலை நசுக்குகிறது என்று முறையிடுபவர்களின் சிரமம் உண்மையானது. ஆனால் அது புதிதாக வந்த செலவல்ல; இடம் மாறிய செலவு.

உப்பேறிய நிலத்தை மீட்க வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைப்பது ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தைப் பெயர்த்துவிடும், மழையோ நல்ல தண்ணீரோ அதை அடித்துக்கொண்டு போகும், வடிகால் இருந்தால். கால்சியத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. வேருக்கு வெளியே போதிய கால்சியம் இருந்தால்தான் சவ்வு பொட்டாசியத்தைத் தேர்ந்து எடுக்கும் திறனை இழக்காமலிருக்கும் என்று எமானுவேல் எப்ஸ்டீன் 1961இல் காட்டினார். 1969இல் பீன்ஸ் செடிகளில், அதே உப்புக் கரைசலில் கால்சியத்தைக் கூட்டியதும் இலைக்குப் போகும் சோடியம் வெகுவாகக் குறைந்ததை அவரும் உடன் ஆய்வாளரும் கண்டார்கள். சோடியம் கசியும் கால்வாய்களைக் கால்சியம் வெளிப்பக்கமிருந்து அடைக்கிறது என்பது பின்னால் தெளிவானது. நிலக்கடலைக்குக் காய் பிடிக்க ஜிப்சம் போட்டுப் பழகிய விவசாயிகளுக்கு மூட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலையும் உப்பின் அளவும் எழுதித் தருகிறார்கள். நொய்யல் ஆயக்கட்டில் அதோடு இலையிலுள்ள பொட்டாசியம், சோடியம் விகிதத்தையும் பருவத்துக்குப் பருவம் அளந்து கொடுக்க வேண்டும். ஜிப்சம் போட்ட வயலில் மண் மட்டும் தேறியிருக்கிறதா, வேரின் சவ்வும் தேறிவிட்டதா என்பது அந்த எண்ணில்தான் தெரியும்.